சல்சா வகுப்புக்குப் போகலாமா? ‘கூடாது’ என்ற பின் நாம் சொல்ல மறந்தவை





சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பின் மக்தப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, தாம்பரத்தில் நாம் பணியாற்றும் மதரஸாவின் வாசலில் ஓர் இளைஞர் காத்திருந்தார். சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். அவருடைய மனைவி சிறுமியாக இருந்தபோது நம்மிடம் குர்ஆன் ஓதியவர். அவர்களின் நிக்காஹ் மஜ்லிஸில் நாமும் அமர்ந்திருந்தோம். அந்த உரிமையில் வந்திருந்தார்.

“உஸ்தாத், எங்கள் ஆபீஸில் சல்சா டான்ஸ் வகுப்பு ஆரம்பிக்கிறார்கள். ஆரம்ப நிலைதான், எட்டு வகுப்பு. கணவன் மனைவியாகவும் சேரலாமாம். நாங்கள் இரண்டு பேரும் போகலாமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கூடாது தம்பி” என்றோம். அவ்வளவுதான். அவரும் “ஜஸாக்கல்லாஹ் உஸ்தாத்” என்று கூறிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மார்க்கத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்ன நிறைவோடு நாமும் இஷா தொழுகைக்குத் தயாரானோம்.

மூன்று நாட்கள் கழித்து அந்தப் பெண் நம் துணைவியாரிடம் தொலைபேசியில் பேசினார். நம்மீது எந்தக் குறையும் சொல்லவில்லை. “உஸ்தாத் சொன்னது சரிதான் மாமி. கூடாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் நாங்கள் ஏன் கேட்டோம் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவே இல்லையே” என்றாராம். பிரசவத்திற்கு முன் அவருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. தினமும் உடலை அசைக்க வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்தியிருக்கிறார். கணவர் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிறது. விடுமுறை நாளில் ஆளுக்கொரு கைப்பேசி. திருமணமாகி மூன்று ஆண்டுகளில், இருவரும் சேர்ந்து மகிழ்ச்சியாகச் செய்த காரியம் எது என்று எண்ணிப் பார்த்தால் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை என்று சொல்லி அந்தப் பெண் அழுதிருக்கிறார்.

துணைவியார் இதைச் சொன்ன இரவு நமக்கு உறக்கம் கொள்ளவில்லை. நாம் சொன்ன பதிலில் பிழையில்லை. ஆயினும் அது பாதிப் பதில். மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்ட குற்றம் நம்முடையது. அதை எழுத்தில் நிறைவு செய்யவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். நாம் முஃப்தி அல்லோம். இஸ்லாமியக் கல்வியில் டிப்ளமா பெற்று, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் மட்டுமே. இங்கே எழுதுவதை உங்கள் பகுதி ஆலிம்களிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சல்சா என்பது என்ன?

ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் அது என்னவென்று அறிந்திருக்க வேண்டும். நாம் பதில் சொல்லிவிட்டுப் பிறகுதான் விசாரித்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

‘சல்சா’ என்ற ஸ்பானியச் சொல்லுக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பு, சாறு என்று பொருள். இந்த ஆட்டத்தின் வேர் கியூபாவில் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் முரசொலியும், ஸ்பானியர்களின் கித்தார் இசையும் கலந்து கியூபாவின் கிழக்குப் பகுதியில் ‘சோன்’ என்ற இசை பிறந்தது. அந்நாட்டில் அடிமை முறை முற்றிலும் ஒழிக்கப்பட்டது 1886ஆம் ஆண்டில்தான். பின்னர் கியூபாவிலிருந்தும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் பிழைப்புத் தேடி நியூயார்க் சென்ற மக்கள் அங்கே அந்த இசையை வளர்த்தனர். 1964இல் அந்நகரில் தொடங்கப்பட்ட ஃபானியா என்ற இசைத்தட்டு நிறுவனம் 1970களில் ‘சல்சா’ என்ற பெயரை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. நம் சமூகத்தில் சிலர் எண்ணுவதுபோல் நம் பிள்ளைகளைக் கெடுப்பதற்கென்று எவரோ திட்டமிட்டு உருவாக்கியதன்று இது. ஊரையும் உறவையும் இழந்த ஏழை மக்கள் தங்கள் துயரத்தை மறக்க ஆடிய ஆட்டம்.

ஆரம்ப வகுப்பில் கற்றுத்தருவது எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு காலடி முறை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று அடி. நான்கில் நிறுத்தம். ஐந்து, ஆறு, ஏழு என்று மீண்டும் மூன்று அடி. எட்டில் நிறுத்தம். ஆண் முதல் எண்ணிக்கையில் இடது காலை முன்வைக்க, பெண் வலது காலைப் பின்வைப்பார். துணையின்றித் தனியே ஆடும் காலடிப் பகுதியும் உண்டு. ஆனால் இந்த ஆட்டத்தின் உயிர் இணையாக ஆடுவதில் இருக்கிறது. ஆணின் வலக்கை பெண்ணின் தோள்பட்டைக்குப் பின்னால் இருக்கும். பெண்ணின் இடக்கை ஆணின் தோள்மீது இருக்கும். மற்ற இரு கைகளும் கோத்திருக்கும். அடுத்து எந்தப் பக்கம் திரும்புவது என்பதை ஆண் வாயால் சொல்வதில்லை; கையின் அழுத்தத்தாலும் உடலின் சாய்வாலும் உணர்த்துகிறார். பெண் அதை உணர்ந்து திரும்புகிறார்.

குழுவாக நடக்கும் வகுப்புகளில் மற்றொரு வழக்கமும் உண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பயிற்சியாளர் ‘இணை மாறுங்கள்’ என்பார். ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் நகர்வர். எவருடனும் ஆடப் பழக வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. தம்பதியராக வருவோர் மாறாமல் இருந்துகொள்ளச் சில இடங்களில் அனுமதி உண்டு.

மார்க்கத்தின் எல்லை

‘உடற்பயிற்சிக்காகத்தானே? மனம் சுத்தமாக இருந்தால் போதாதா?’ என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மேலே சொன்ன செய்முறையிலேயே விடையும் இருக்கிறது. ரயிலில் கூட்ட நெரிசலில் தோள் இடித்துவிடுவதைப் போல எதிர்பாராமல் நேர்வது அன்று இது. இங்கே தொடுதலே மொழி. தொடுதலை எடுத்துவிட்டால் இணை ஆட்டம் இல்லை. அந்நிய ஆணும் பெண்ணும் ஒருவர் உடலின் அசைவை மற்றவர் கைகளால் வாசித்துக்கொள்வதை ‘வெறும் உடற்பயிற்சி’ என்று நம்மால் ஏற்க இயலாது.

நம்பிக்கை கொண்ட ஆண்களும் பெண்களும் தங்கள் பார்வைகளைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று சூரா அந்நூரின் 30, 31ஆம் வசனங்கள் பணிக்கின்றன. விபச்சாரத்தைச் செய்யாதீர்கள் என்பதோடு நில்லாமல், அதன் அருகிலும் நெருங்காதீர்கள் என்று சூரா பனீ இஸ்ராயீலின் 32ஆம் வசனம் எச்சரிக்கிறது. பெண்களிடம் உறுதிமொழி பெறும்போதுகூட நபி (ஸல்) அவர்களின் கரம் அந்நியப் பெண்ணின் கரத்தைத் தொட்டதில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (நூல்: புகாரி 5288). உலகிலேயே தூய்மையான உள்ளம் படைத்தவர் அவர்கள். ‘என் மனம் சுத்தம்’ என்பது போதிய காரணமாயின், அதைச் சொல்ல அவர்களைவிடத் தகுதியுடையவர் எவருமில்லை.

‘இணை மாறாமல், கணவனும் மனைவியும் மட்டுமே ஆடினால்?’ என்பதுதான் அந்தத் தம்பதியரின் கேள்வி. தொடுதல் பற்றிய தடை இங்கே நீங்கிவிடுகிறது. ஆனால் வகுப்பறையில் மற்ற ஆண்களும் இருக்கிறார்கள். மனைவியின் இடுப்பசைவும் சுழற்சியும் அவர்கள் கண்முன்னே நிகழ்கின்றன. நிலை தவறினால் பயிற்சியாளர் கையால் பிடித்துத் திருத்துவார். எனவே கலப்பு வகுப்பு கூடாது என்ற நம் பதில் அங்கும் நிற்கிறது.

இசையைப் பொறுத்தவரை, நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் இசைக்கருவிகளைத் தடுத்திருக்கிறார்கள். தஃபுக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள். இமாம் இப்னு ஹஸ்ம் போன்ற சிலர் மாற்றுக் கருத்துக் கொண்டவர்கள். நாம் பெரும்பான்மையின் வழியைப் பின்பற்றுகிறோம்.

இவ்வளவும் அந்தத் தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நிமிடங்கள் போதும். அந்த ஐந்து நிமிடங்களை நாம் அவருக்குக் கொடுக்கவில்லை.

நபிவழியில் பதில் சொல்வது எப்படி?

ஓர் இளைஞர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, விபச்சாரம் செய்ய எனக்கு அனுமதி தாருங்கள் என்றே கேட்டார். சுற்றியிருந்தவர்கள் அவரை அதட்டினார்கள். நபி (ஸல்) அவர்களோ அவரை அருகில் அழைத்து அமரவைத்தார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் மகளுக்கு விரும்புவாயா, உன் சகோதரிக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். பின் அவர்மீது கை வைத்து அவருக்காகத் துஆச் செய்தார்கள் (நூல்: முஸ்னத் அஹ்மத்). அதன்பின் அந்த இளைஞரின் மனம் அப்பக்கம் திரும்பவில்லை.

விபச்சாரத்திற்கு அனுமதி கேட்டவரை அருகில் அமர்த்திப் பேசினார்கள் நம் தலைவர். சொந்த மனைவியோடு ஆடக் கற்கலாமா என்று கேட்டவரை வாசலில் நிறுத்தி, ஒற்றைச் சொல்லில் திருப்பி அனுப்பினோம் நாம். நாம் ஓதிக்கொடுக்கும் ஹதீஸை நாமே மறந்துபோனோம்.

கேட்காமலே போய்ச் சேர்ந்துவிடுகிறவர்கள் நம் பகுதியில் எத்தனை பேர்! அவர் அப்படிப் போகவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையின் நெரிசலையும் மேடவாக்கத்தின் நெரிசலையும் கடந்து, பள்ளிவாசலைத் தேடி வந்து கேட்டார். அடுத்த முறை அவருக்கு ஓர் ஐயம் எழும்போது நம்மிடம் வருவாரா, கைப்பேசியில் தேடிக்கொள்வாரா என்பதே நம்மை வாட்டும் கேள்வி.

அவர்கள் கேட்டது உண்மையில் என்ன?

அந்தத் தம்பதியர் கேட்டவை இரண்டு. ஒன்று, உடல்நலம். மற்றொன்று, இல்லறத்தில் மகிழ்ச்சி. இரண்டுமே மார்க்கம் வலியுறுத்தும் உரிமைகள்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக அது மதிப்பிட்டது. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரியாணியும் இறைச்சியும் விருந்துதோறும் நிறைந்திருக்கும் நம் குடும்பங்களில் பெண்கள் அந்த 150 நிமிடங்களுக்கு எங்கே போவார்கள்? சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர்ச் சந்துகளில் இருசக்கர வாகனங்களுக்கும் தெருநாய்களுக்கும் நடுவே புர்கா அணிந்து நடப்பதன் சிரமத்தை அவர்களிடம் கேட்டால்தான் தெரியும்.

உங்கள் உடலுக்கு உங்கள்மீது உரிமை இருக்கிறது, உங்கள் மனைவிக்கும் உங்கள்மீது உரிமை இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள் (நூல்: புகாரி 5199). இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பு நோற்றவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை இது. வணக்கத்தால்கூட மறுக்கப்படக் கூடாத உரிமையை, அலுவலகமும் கைப்பேசியும் பறித்துக்கொள்ள நாம் விட்டுவிடலாமா?

இரண்டாவதைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். முதல்முறை அன்னையார் முந்தினார்கள். பிற்காலத்தில் உடல் கனத்தபின் ஓடியபோது நபியவர்கள் முந்தி, அன்றைக்கு இது ஈடு என்று சொல்லி மகிழ்ந்தார்கள் (நூல்: அபூதாவூத் 2578). பெருநாள் அன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டியும் கேடயமும் கொண்டு விளையாடியதை, தம் கன்னத்தோடு கன்னம் வைத்து நிற்கச் செய்து அன்னையாருக்குக் காட்டினார்கள். அவர்களுக்கு அலுக்கும்வரை தாமும் நின்றார்கள் (நூல்: புகாரி 950). மனிதன் ஈடுபடும் விளையாட்டுகளில் அம்பெய்தலையும், குதிரைப் பயிற்சியையும், மனைவியோடு விளையாடுவதையும் வீணானவற்றிலிருந்து விலக்கி உயர்த்தினார்கள் (நூல்: திர்மிதி 1637).

மனைவியோடு விளையாடுவது சுன்னத்தான காரியம் என்று எந்த ஜும்ஆ பயானிலாவது கடைசியாக எப்போது கேட்டீர்கள்? கணவனின் உரிமைகள், மனைவியின் கடமைகள் என்று பட்டியலிடுகிறோம். இல்லறத்தின் மகிழ்ச்சியை மட்டும் திரைப்படங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம்.

வீட்டுக்குள் என்ன செய்யலாம்?

நடனம் என்ற சொல்லைக் கேட்டதுமே ஹராம் என்று முடித்துவிடுவோருக்கு ஒரு செய்தி. ஷாஃபிஈ மத்ஹபின் புகழ்பெற்ற நூலான ‘மின்ஹாஜுத் தாலிபீனி’ல் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், குழைந்து நெளியும் ஒயில் இல்லாதவரை ஆட்டத்தைத் தடைசெய்யவில்லை. ஹனஃபி அறிஞர்கள் இதில் கண்டிப்பானவர்கள். இரு மத்ஹபினரும் கலந்து வாழும் நம் தாம்பரம் பகுதியில் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

கேரள மாப்பிள்ளை முஸ்லிம்களிடம் ஆண்களின் கோல்களியும் பெண்களின் ஒப்பனையும் தலைமுறைகளாக வாழ்கின்றன. இலங்கையின் கிழக்குக் கரையில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் களிகம்பு என்னும் பொல்லடியை இன்றும் ஆடுகிறார்கள். ஆண்கள் ஆண்களோடும் பெண்கள் பெண்களோடும் என்ற வரம்புக்குள் உடலுக்கும் மகிழ்ச்சிக்கும் இடம் வைத்திருந்தவர்கள் நம் முன்னோர்.

கணவனும் மனைவியும் தம் வீட்டில், கதவை அடைத்துக்கொண்டு, பிறர் பார்வையின்றி, ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று வாயால் எண்ணிக்கொண்டு காலடி வைத்துப் பழகினால் அதைத் தடுக்க நமக்கு ஆதாரம் எதுவும் தெரியவில்லை. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்று குர்ஆன் கூறுகிறது (2:187). அந்த ஆடைக்குள் நிகழும் சிரிப்பை விசாரிக்க எவருக்கும் உரிமையில்லை. ஒரே ஒரு நிபந்தனை: கைப்பேசிப் படப்பதிவு வேண்டாம். வீட்டிற்குள் ஹலாலாக இருந்தது ரீல்ஸில் ஏறியதும் ஊரார் பார்வைக்கு வந்துவிடும்.

மேடையில் ஆடுவோரும் வாசலில் கேட்போரும்

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லாமல் விட முடியாது.

நம் புறநகர்த் திருமண மண்டபங்களில் வலீமா விருந்துகளுக்கு நாமும் போகிறோம். மணமகனும் மணமகளும் பாட்டுக்கு ஆடிக்கொண்டே மேடையேறுவது இப்போது பரவிவருகிறது. அதற்கென்றே மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். ஐந்நூறு பேர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் பதிவு செய்கிறார்கள். முன்வரிசையில் ஜமாஅத் நிர்வாகிகள் அமர்ந்திருக்கிறார்கள். நாமும் தலையைக் குனிந்தபடி பிரியாணி உண்டுவிட்டு வருகிறோம். மணமகனின் தந்தை பள்ளிவாசல் கட்டட நிதிக்குத் தாராளமாகக் கொடுப்பவர் என்பதால் அன்று நம் நாவில் ‘கூடாது’ என்ற சொல் வருவதில்லை.

பகிரங்கமாக ஆடிய செல்வந்தரிடம் மௌனம். தனியே வந்து அனுமதி கேட்ட எளியவரிடம் ஒற்றைச் சொல் தீர்ப்பு. இந்த இரட்டை அளவுகோலை நம் பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். மார்க்கத்தின்மீது அவர்களுக்கு ஏற்படும் கசப்பில் பெரும்பகுதி சட்டங்களால் வந்ததன்று. சட்டத்தை நாம் ஆள் பார்த்துப் பேசுவதால் வந்தது.

அதேபோல், நம்மவர் அல்லாதோரைப் பழிக்கவும் வேண்டாம். பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில், பாட்டி முதல் பேரன் வரை கூடும் விழாக்களில் இணை நடனம் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவர்களுக்கென்று அதில் ஒழுங்கும் மரியாதையும் உண்டு. அவர்களின் வழி அவர்களுக்கு, நம் வழி நமக்கு. நம் எல்லையைப் பேண அண்டை வீட்டாரை இழிவுபடுத்த வேண்டிய அவசியம் இல்லை.

ஜமாஅத்துகள் முன் ஒரு கோரிக்கை

‘இப்படியெல்லாம் எழுதினால் வாசல் திறந்துவிடும்’ என்று மூத்தவர்கள் சிலர் அஞ்சக்கூடும். தீமைக்கு இட்டுச்செல்லும் வழியை அடைப்பது ஃபிக்ஹின் முக்கியமான விதி என்பதை நாமும் அறிவோம். ஆனால் தீய வழியை மட்டும் அடைத்து, நல்ல வழியைத் திறக்காமல் விட்டால் மனிதர் எந்த வழியாகப் போவார்? சுவர் ஏறித்தான் குதிப்பார்.

எனவே அந்தத் தொலைபேசி உரையாடலுக்குப் பின் நம் ஜமாஅத் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வைத்தோம். பள்ளிவாசலின் மஹால் வார நாட்களில் பூட்டியே கிடக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணி முதல் பதினொன்றரை வரை பெண்கள் மட்டும் உடற்பயிற்சி செய்ய அதைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டோம். “இன்று உடற்பயிற்சி, நாளைக்கு டான்ஸா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். “அத்தா, உங்கள் மருமகளுக்கும் பேத்திக்கும் சர்க்கரை இருக்கிறதா?” என்று மட்டும் திருப்பிக் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அவரே, மூன்று மாதம் நடத்திப் பார்க்கட்டும் என்று வழிமொழிந்தார்.

முதல் வாரம் பதினொரு பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் ஆறு பேர்தான். ஐம்பதைத் தாண்டிய ஒரு சகோதரி, பள்ளிப் பருவத்திற்குப் பின் தம் வாழ்நாளில் இதுதான் தாம் ஓடிய முதல் நாள் என்றாராம். மூன்று மாதம் கழித்து என்னாகும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

நம் பகுதியின் மற்ற ஜமாஅத்துகளும் இதைப் பரிசீலிக்க வேண்டும். வளர் இளம்பருவத்துப் பையன்களுக்குச் சிலம்பப் பயிற்சி தரலாம். நிக்காஹுக்கு முன் மணமக்களுக்கு நடத்தும் வகுப்பில் மஹர், தலாக் சட்டங்களோடு நபி (ஸல்) அவர்களின் இல்லற மகிழ்ச்சியையும் ஒரு பாடமாக வைக்கலாம். இவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். யாரேனும் ஒரு கேள்வியோடு வந்தால், முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள். ‘ஏன் கேட்கிறீர்கள்?’ என்று அன்போடு விசாரியுங்கள். ‘கூடாது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் தயங்காமல் சொல்லுங்கள். அதன்பின் எழுந்துவிடாமல், கூடியது எது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

அந்தத் தம்பியை நாமே தொலைபேசியில் அழைத்து வரச் சொன்னோம். இம்முறை உள்ளே அமர்த்தி, தேநீர் கொடுத்து, மேலே எழுதிய அனைத்தையும் சொன்னோம். அன்று அவசரப்பட்டதற்கு மன்னிப்பும் கேட்டோம். அவர் கூச்சத்தோடு தலைகுனிந்து சிரித்தார். வகுப்பில் சேரவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபஜ்ருக்குப் பின் பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டு, இருவரும் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடக்கத் தொடங்கியிருக்கிறார்களாம். “வீட்டில் எண்ணிக்கை போட்டுப் பார்த்தீர்களா?” என்று நாம் கேட்கவில்லை. அது அவர்களுக்கும் அவர்கள் வீட்டுக் கதவுக்கும் இடையிலான செய்தி.

கணவன் மனைவியரிடையே அன்பையும் கருணையையும் தன் அத்தாட்சியாக ஏற்படுத்தியதாகக் கூறும் அல்லாஹ் (30:21), நம் இல்லங்களை அந்த அன்பால் நிரப்புவானாக. ஹலாலான மகிழ்ச்சியை நமக்கு எளிதாக்கி, ஹராமானவற்றிலிருந்து நம்மையும் நம் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.

வஸ்ஸலாம்.